நிற மாற்றப் படிவம்

கணவரின் இடது கன்னம் முடிந்து மேலுதட்டுக்கு வந்திருந்தாள். மூக்கில் செருகியிருந்த ஆக்ஸிஜன் குழாயைச் சுண்டுவிரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் தோலை இழுத்து, ரேசரைக் கீழ்நோக்கி விட்டாள். கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை இல்லை அது. அந்த மாதிரி வேலைகளுக்கு அவள் கண் உதவி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. விரலுக்குச் சொரசொரப்புத் தட்டினால் இன்னும் முடி இருக்கிறது. வழவழவென்றிருந்தால் முடிந்தது.

"அசையாதீங்க. மூக்கை அறுத்துட்டேன்னா அப்புறம் குழாயை எங்க மாட்டறது?"

"காதுல மாட்டு," என்றார். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினார். கொஞ்சம் பொறுத்து, "வண்டி வந்துடுச்சுல்ல?"

ரேசர் நின்று, பிறகு நகர்ந்தது.

"வந்துடுச்சு. நேத்து சாயங்காலமே."

"சத்தம் கேட்டுச்சு. ஏன் மூடி வெச்சிருக்கு?"

"வெயிலுக்கு."

"தகரக் கூரைக்கு அடியில ஏது வெயில்?"

துண்டின் நுனியை வெந்நீரில் முக்கிப் பிழிந்து மேலுதட்டைத் துடைத்துவிட்டாள். பிரேக் பார்க்க மெக்கானிக்கிடம் போயிருக்கிறது என்று மருத்துவமனையில் இருந்தபோதே அவரிடம் சொல்லியாகிவிட்டது. அவரும் நம்பினார், அல்லது நம்புகிறவர் மாதிரி இருந்தார். இத்தனை நாள் பார்க்கிற பிரேக் எது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கேள்வி கேட்காமல் விடுகிற மனிதர் இல்லை அவர்.

எடை அளவு ஆய்வாளராக முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர். கடை கடையாகப் போய்ப் படிக்கல்லையும் தராசையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தராசு'. "தராசு வருது, கல்லை மாத்து" என்று ஒரு கடையில் கத்திவிட்டுத் திரும்பினால் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தாராம். சொந்தத் தம்பிகூட அவர் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயரைத்தான் சொல்வார்.

மருத்துவமனையில் கடைசி வாரம் மருத்துவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, வீட்டுல இருக்கட்டும்" என்றார். எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நாலு நாளாக முன்னறையில் சன்னலை ஒட்டிக் கட்டில். சன்னலுக்கு வெளியே பத்தடியில் தகரக் கூரை. அதற்கடியில் கார்.

வாசலில் பைக் வந்து நின்றது. மகன். சட்டை கசங்கியிருக்கும், மூன்று நாள் தாடி இருக்கும் என்று அவன் செருப்பு விடுகிற ஓசையிலேயே தெரிந்தது.

"அம்மா, கொஞ்சம் அடுப்படிக்கு வா."

"வலது கன்னம் இருக்குடா."

"ஒரு நிமிஷம்மா."

கிண்ணத்தையும் ரேசரையும் தலைமாட்டு முக்காலியில் வைத்துவிட்டுப் போனாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பாதி முகம் பளபளவென்றும் மறுபாதி நுரையோடும்.

அடுப்படியில் மகன் குரலைத் தாழ்த்தினான். "போக்குவரத்து ஆபீசுக்குப் போய்ட்டு வர்றேன். ஒரே ஒரு சிக்கல். அப்பாவே பண்ணி வெச்ச சிக்கல்."

"என்ன?"

"பதிவுப் புத்தகத்துல வண்டி மஞ்சள்னு இருக்கு."

"மஞ்சளாத்தானே இருந்துச்சு?"

"அம்மா, உலகத்துல எவன் வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சதை ஆபீசுல போய் எழுதி வாங்குவான்? அடிப்பான், ஓட்டுவான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி இவர் மனு எழுதி, கட்டணம் கட்டி, ரப்பர் ஸ்டாம்ப் வாங்கி வெச்சிருக்கார். பழைய நிறம் சாம்பல், புது நிறம் மஞ்சள்னு. இப்ப நாம திரும்பச் சாம்பல் அடிச்சாச்சு. வண்டி ஒண்ணு சொல்லுது, புத்தகம் ஒண்ணு சொல்லுது. அப்படி இருந்தா பேர் மாத்தித் தரமாட்டானாம்."

அவன் ஒரு தாளை அவள் கையில் வைத்தான்.

"நிறம் மாத்தினதுக்குப் படிவம். உரிமையாளர் கையெழுத்து வேணும். வாங்கறவர் பன்னெண்டு மணிக்கு வர்றார். இது இருந்தா இன்னிக்கே முடிஞ்சிடும்."

"நீயே கேளு."

"நான் கேட்டா ஏன் எதுக்குன்னு ஆரம்பிப்பார். நீ ஏதாவது சொல்லி வாங்கிடும்மா. சிலிண்டர் கடைச் சீட்டுன்னு சொல்லு."

"உங்கப்பாகிட்டயா?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது, களைத்த சிரிப்பு. ஆபரேஷனுக்கு முன்னால் கொடுத்த ஒப்புதல் தாளை, முகமூடியோடு படுத்துக்கொண்டே மூன்று பக்கமும் படித்துவிட்டு, இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டி, "இது யாருக்குப் பொருந்தும்? எனக்கா, போன நோயாளிக்கா?" என்று மருத்துவரைக் கேட்டவர். மருத்துவர் பார்த்தார். போன நோயாளிக்குத்தான்.

"சிலிண்டர் மாத்திட்டுப் பத்தரைக்குள்ள வர்றேன்," என்று மகன் கிளம்பினான். வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். "அம்மா, உனக்குத்தான் செய்யறேன். தெரியுமில்ல?"

தெரியும். இந்த வாடகை வீட்டை மாதக் கடைசியில் காலி செய்கிறார்கள். மகன் இருப்பது மூன்றாம் மாடியில், ஒரே அறை, ஒரு கூடம். படியில் இரண்டுமுறை விழுந்திருக்கிறாள். கார் நல்ல விலைக்குப் போனால் தரையோடு இருக்கிற வீடாகப் பார்க்கலாம், அவளுக்கென்று கதவு வைத்த ஓர் அறையோடு. அந்த அறையைப் பற்றி அவன் பேசும்போதெல்லாம் கட்டிமுடித்த மாதிரியே பேசுவான். சன்னல் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லுவான்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றாள்.

வாங்க வந்தவர் பழைய கார்களை மட்டும் வாங்கி விற்கிறவர். கணவர் மருத்துவமனைக்குப் போன மூன்றாம் நாள் வந்து, வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கையிடுக்கில் ஒரு காந்தம் வைத்திருந்தார். அதைக் கதவில் ஒட்டி ஒட்டி எடுத்தார். காந்தம் ஒட்டாத இடத்தில் அடிபட்ட பள்ளத்தை மறைக்கப் பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தமாம். எல்லா இடத்திலும் ஒட்டியது. பிறகு பானெட்டைத் திறந்தார். உள்ளேயும் மஞ்சள். கதவு இடுக்கில் மஞ்சள். டிக்கி மூடியின் உட்புறம், ஸ்டெப்னி வைக்கிற குழி, எல்லாம் மஞ்சள்.

"இவ்ளோ சுத்தமா ஒரு வண்டியைக் கெடுத்த ஆளை நான் பாத்ததே இல்லைம்மா," என்றார். அதில் மரியாதைதான் இருந்தது.

இன்ஜினுக்குப் பக்கத்தில் ஆணியடித்திருந்த சின்னத் தகட்டைத் துடைத்துக் காட்டினார். அதில் ஓர் எண். "இதான் பொறந்த நிறம். சாம்பல். பழைய கார்ல பாதி விலை இன்ஜின்ல இல்லை, இதுல இருக்கு. பொறந்த நிறத்தோட இருந்தா ஒரு விலை. அந்த வருஷத்துக் கம்பெனி நிறம் வேற ஏதாவது அடிச்சிருந்தா, சரி, கொஞ்சம் குறையும், பரவாயில்ல. கம்பெனி பட்டியல்லயே இல்லாத நிறத்தை அடிச்சா மூணுல ஒரு பங்கு போச்சு. வாங்கறவன் ரசனைய பாக்க மாட்டான்மா. எதை மறைக்க இதை அடிச்சான்னு யோசிப்பான்."

"எங்கப்பாவுக்கு மறைக்க எதுவும் இல்லை," என்றான் மகன், கொஞ்சம் சூடாக. "பெயிண்ட் தள்ளுபடில கெடச்சுதாம்."

"அப்ப இந்தத் தள்ளுபடிக்குத்தான் இன்னிக்கு விலை குடுக்கறீங்க."

பிள்ளைப் பருவத்தில் மகனுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அதை 'வாழைப்பழம்' என்பார்கள். "உன்னை உரிச்சு இறக்கிவிட உங்கப்பா வந்துட்டார்டா" என்பார்களாம். தெருமுனையிலேயே இறங்கி நடந்து போவான். தள்ளுபடிப் பெயிண்ட் என்றுதான் அப்பா அவனுக்குச் சொல்லியிருந்தார். அதைவிட நல்ல காரணம் எதையும் அவன் கேள்விப்பட்டதில்லை.

அவளுக்குத் தெரியும். அவள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலம். கண் மங்கத் தொடங்கியிருந்தது, ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். மாலை ஐந்தரைக்கு அவர் காரோடு எதிர்ப்பக்கம் நிற்பார். ஒருநாள் வேலை முடிந்து வந்து, சாம்பல் நிறக் காரின் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தாள். நாத்தனார் புது இஸ்திரிப் பெட்டியை இரவல் வாங்கிப் போய், கம்பி அறுந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்த கதை. பக்கத்தில் இருந்தவர் முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்து, "அவங்க செஞ்சது தப்புதாங்க. ஆனா நான் உங்க வீட்டுக்காரர் இல்லீங்க," என்றார்.

வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் இறங்குகிற நேரம், அவளை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு பையில் ஒன்பது டப்பா மூடிகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறம் பூசியிருந்தது. முப்பது அடி எண்ணி நடந்து போய் நின்று, ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "தெரியுதா?" "இல்லை." "இது?" "இல்லைங்க." சிவப்பு தெரியவில்லை. பச்சை தெரியவில்லை. வெள்ளை வானத்தோடு போய்விட்டது. ஏழாவதாக ஒன்று மட்டும், விளக்குப் போட்ட மாதிரி, அவர் தலைக்கு மேலே தனியாக நின்றது. நாற்பது அடிக்கும் ஐம்பது அடிக்கும் போய் மறுபடி தூக்கிக் காட்டினார். சும்மா ஒருமுறை பார்த்து முத்திரை குத்துகிறவரா அவர்?

அதற்கப்புறம் அவள் வேறு யாருடைய காரிலும் ஏறவில்லை. வேலை இன்னும் பதினொரு வருஷம் இருந்தது. யாருக்கும் சொல்லவில்லை, இருவருமே. முதலில் வேலைக்காகச் சொல்லாமல் இருந்தார்கள். பிறகு சொல்லாமலே பழகிவிட்டது.

"வித்துடுங்க. ஆனா வாங்கறவன் அப்படியே வாங்கிக்கட்டும்," என்று மருத்துவமனைக்குக் கிளம்புகிற அன்று சொல்லிவிட்டுத்தான் போனார். மகனும் கேட்டான், அவளும் கேட்டாள். கார்க்காரர் வந்து போன பிறகு மகன், "என்னம்மா பண்ணலாம்?" என்றபோது அவன் குரலில் இருந்த அலுப்பைத்தான் அவள் கேட்டாள். இனி அவர் ஓட்டப்போவதில்லை. இனி அவள் தேடிப்போய் ஏறப்போவதில்லை. "உன் இஷ்டம்," என்றாள்.

முன்னறைக்குத் திரும்பினாள். நுரை காய்ந்துபோயிருந்தது.

"என்ன தாள்?" என்றார் கண்ணைத் திறக்காமலே. தாள் மடங்குகிற ஓசை அவருக்குத் தப்பாது.

"ஒரு கையெழுத்து வேணுமாம்."

"குடு."

கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டாள். தாளை முகத்துக்கு நேரே பிடித்தார். அது படபடத்தது. கொஞ்ச நேரம் முயன்று பார்த்துவிட்டு மார்பின்மேல் போட்டார்.

"எழுத்து ஓடுது. நீயே சொல்லு. என்ன எழுதியிருக்கு?"

அவளாலும் படிக்க முடியாது. இருபது வருஷத்துக்கு மேலாக வீட்டுக்கு வந்த எல்லாத் தாளையும் அவர்தான் அவளுக்குப் படித்துச் சொன்னார். இப்போது அவள் எதைச் சொன்னாலும் தாளில் அதுதான் எழுதியிருக்கிறது. சிலிண்டர் என்றால் சிலிண்டர்.

கூடத்துக் கடிகாரம் ஓடுவது கேட்டது. சிலிண்டரோடு மாட்டியிருந்த புட்டியில் தண்ணீர்க் குமிழி கொப்பளிப்பது கேட்டது.

"வண்டி நிறத்தை மாத்தினதுக்கு," என்றாள்.

நாலைந்து மூச்சு போயிருக்கும்.

"பழைய நிறமா?"

"ஆமா."

"பையனா?"

"நானுந்தான். சரின்னேன்."

"எவ்ளோ கூடுது?"

"மூணுல ஒரு பங்கு."

"ம்." அது நிறை சரியாக இருக்கும்போது அவர் போடுகிற 'ம்'மா, குறையும்போது போடுகிறதா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. எப்போதும் பிரிக்கத் தெரிந்தவள்தான்.

"கோவமா?"

"உனக்குத் தெரியுதா அது?"

"எது?"

"வண்டி. இப்ப. பாத்தா தெரியுதா?"

நேற்று மாலை ஓட்டிவந்து நிறுத்தியபோது போய் நின்று பார்த்தாள். சிமெண்ட் தரை, சிமெண்ட் சுவர், நடுவில் எங்கோ கார். "கிட்டப் போனா தெரியுது," என்றாள்.

அவர் பேனாவுக்குக் கை நீட்டினார். அவள் கொடுத்தாள். தாளைப் புத்தகத்தின்மேல் வைத்துப் பிடித்தாள். பேனா முனை தாளைத் தொட்டது, அப்படியே நின்றது.

"பாக்காம எப்படிப் போடறது? உறையை எடு. பாத்துட்டுப் போடறேன்."

"அவன் வரட்டுமே, எடுக்கச் சொல்றேன்."

"நீ எடு," என்றார்.

தலையணையை உயர்த்தி, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிவிட்டாள். கண்ணாடியை நேராக்கினாள். வெளியே வந்தாள். உறையை மகன் நாலு மூலையிலும் கயிறு போட்டுக் கட்டியிருந்தான், அப்பா கேட்டாலும் அம்மா அவிழ்க்க முடியாத மாதிரி. முதல் முடிச்சு வந்துவிட்டது. இரண்டாவது பம்பருக்கு அடியில். மண்டியிட்டு உட்கார்ந்து நகத்தால் நெம்பினாள். மூன்றாவதைப் பல்லால் கடித்தாள். நாலாவதை விட்டுவிட்டு உறையை அப்படியே சுருட்டி இழுத்தாள். அது சக்கரத்தில் மாட்டிக்கொண்டு கிழிந்தது. புதுப் பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியது. முன்பக்கம் வந்து, கையைப் பானெட்டில் ஊன்றிக்கொண்டு, சன்னல் இருக்கிற திசையைப் பார்த்து நின்றாள்.

"தெரியுதாங்க?"

பதில் இல்லை. அவர் குரல் அத்தனை தூரம் வராது என்று நினைத்தாள். தான் மறைக்கிறோமோ என்று கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"என்னங்க. தெரியுதா?"

உள்ளே வந்தபோது குமிழி கொப்பளித்துக்கொண்டிருந்தது. அவர் முகம் சன்னல் பக்கமே இருந்தது. கண்ணாடி மார்பின்மேல், தாளுக்குப் பக்கத்தில் கிடந்தது. பார்த்து முடித்துக் கழற்றி வைத்தாரா, பார்க்காமலே நழுவியதா, அவளுக்குத் தெரியவில்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். குழாயிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. குழாயை எடுத்துவிட்டு மறுபடி விரலை வைத்தாள்.

பதினோரு மணிக்குத் தெருமுனை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு நேரம் எழுதிக் கொடுத்தார். மகன் சிலிண்டரை வாசலில் வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான், நிரப்பி வந்த சிலிண்டர். யாரோ அவன் கையில் தண்ணீர் கொடுத்தார்கள். நாலு மணிக்கு அமரர் ஊர்திக்குச் சொல்லியாயிற்று.

அவள் வெந்நீர் போட்டுக் கொண்டுவந்தாள். நுரையை மறுபடி குழைத்தாள். வலது கன்னத்தைச் செய்யத் தொடங்கினாள். இப்போது குழாய் இல்லை, வேலை சுலபமாக இருந்தது.

கொழுந்தன் வந்தார். அவருடைய தம்பி. வரும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டியா தராசு," என்றார். முதன்முறையாக அதை முகத்துக்கு நேராகச் சொன்னார். கட்டில் காலடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு வெளியே போய் மகனோடு பேசிவிட்டு வந்தார்.

"அண்ணி."

"சொல்லுங்க."

"பையன் இடிஞ்சு போயிருக்கான். அந்த மனுஷன் வந்து வெளிய நிக்கறார். இன்னிக்குக் கையெழுத்து இல்லன்னா வாரிசுச் சான்றிதழ் அது இதுன்னு எட்டு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் அவர் காத்திருக்க மாட்டார். வேற வண்டி பாத்துடுவேங்கறார்."

ரேசரைத் தண்ணீரில் அலசினாள்.

"தப்பா நினைக்காதீங்க." கொழுந்தன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். மூடி திறக்கிற ஓசை, மை வாடை. ஸ்டாம்ப் பேட். "கையெழுத்துக்குப் பதிலா ரேகையும் செல்லுமாம். படிவத்துலயே இடம் இருக்கு. விரல் இன்னும் விறைக்கலை. மருத்துவர் எழுதின நேரத்துக்கும் இதுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்ல. யாருக்குத் தெரியப்போகுது? அண்ணன் போடறேன்னுதானே சொன்னார்?"

"பாத்துட்டுப் போடறேன்னார்."

"சரி, பாத்தாரில்ல? சன்னலுக்கு நேராத்தானே இருக்கார்."

"தெரியாது."

"அண்ணி..."

"பாத்தாரான்னு எனக்குத் தெரியாது. முடிச்சு அவிழ்க்க நேரமாயிடுச்சு."

மகன் வாசற்படியில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. "அம்மா, அவருக்கு இனிமே என்னம்மா?" என்றான். கேட்டவிதம் கெஞ்சலாக இருந்தது. "அந்த ரூம்..."

"முப்பத்திரண்டு வருஷம்டா. கையில எடுத்துப் பாக்காம ஒரு கால் கிலோ கல்லுக்கு முத்திரை வெச்சதில்ல அந்தக் கை." தாடையின் ஓரத்தை விரலால் தடவினாள். இன்னும் கொஞ்சம் இருந்தது. "நான் கூடத்துல படுத்துக்கறேன். படி ஏறப் பழகிக்கறேன். மூடிய மூடுங்க, மை காயுது."

கொழுந்தன் கொஞ்ச நேரம் அதைத் திறந்தபடியே வைத்திருந்தார். பிறகு மூடினார்.

கார்க்காரர் உள்ளே வந்து கைகூப்பி நின்றார். நல்ல மனிதர்தான். சொல்ல வேண்டியதைச் சொன்னார். வெளியே போய் வண்டிக்கு முன்னால் நின்றபோதுதான் நிஜமாக வருத்தப்பட்டார் என்று அவர் பேச்சிலிருந்து அவளுக்குத் தெரிந்தது. "நல்லா அடிச்சிருக்காங்க தம்பி. நிறம் சரியா வந்திருக்கு. ஆனா பேப்பர் மஞ்சள்னும் வண்டி சாம்பல்னும் இருந்தா, நான் யார்கிட்ட விக்கறது? எதுவும் அடிக்காம விட்டிருந்தா இன்னிக்கே மஞ்சளாவே எடுத்துட்டுப் போயிருப்பேன், அந்தக் குறைஞ்ச விலைக்காவது." பேசிக்கொண்டே கை தன்னால் காந்தத்தை எடுத்துக் கதவில் ஒட்டியது. ஒட்டியதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. தெருவில் அதற்கு இடம் போதவில்லை. காரைக் கொஞ்சம் பின்னால் தள்ளச் சொன்னார்கள். மகனும் கொழுந்தனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள்.

ஒன்பதாம் நாள் காலை தொலைபேசி அடித்தது. மகன் வேலைக்குப் போயிருந்தான். அவள் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சிலிண்டர் கடையிலிருந்து பேசறேன். காலி சிலிண்டர் எடுக்கணும். உங்க தெருவுலதான் நிக்கறேன், வீடுதான் தெரியல."

"வழக்கமா வர்றவர் இல்லையா நீங்க?"

"அவர் லீவும்மா. நான் புதுசு. சீட்டுல நம்பர் அழிஞ்சு போயிருக்கு. அதுக்குக் கீழ 'மஞ்சள் கார் நிற்கும் வீடு'ன்னு எழுதியிருக்கு. ரெண்டு தடவை போய்ட்டுப் போய்ட்டு வந்துட்டேன். மஞ்சக் காரே இல்லையே இந்தத் தெருவுல."

"இப்ப எதுக்கு முன்னாடி நிக்கறீங்க?"

"இங்க ஒரு பழைய கார் நிக்குது. ஆனா சாம்பல்."

"அதான் வீடு. உள்ள வாங்க."

வந்தவர் இரண்டு சிலிண்டரையும் தட்டிப் பார்த்தார். ஒன்று காலி, ஒன்று நிறைய. குழாயைச் சுருட்டினார். குமிழி விடுகிற புட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு வந்தார். ஒவ்வொரு சிலிண்டராகச் சாய்த்து அடிவிளிம்பில் உருட்டிக்கொண்டுபோய் வாசலில் வைத்தார். பிறகு சீட்டை எடுத்தார். பேனாவைத் திறக்கிற ஓசை கேட்டது.

"இதை அடிச்சுட்டுச் சாம்பல் கார்னு எழுதிக்கட்டுமாம்மா? அடுத்த தடவை வர்றவங்களுக்கு உதவும்."

அவள் பெட்டிக்குத் திரும்பி ஒரு தட்டை எடுத்துத் தாளில் சுற்றினாள்.

"வேண்டாம். இருக்கட்டும்," என்றாள்.

அவர் பேனாவை மூடிக்கொண்டார்.